காலையில் போட்ட அட்டவணை பத்து மணிக்கே உடைகிறது: சொந்தத் தொழில் நடத்துபவர்கள் நேரத்தை எப்படி வகுக்கிறீர்கள்?

அச்சகம்

வணக்கம் எல்லோருக்கும். சிறிய அச்சகம் ஒன்றை நடத்துகிறேன். மெஷின், வடிவமைப்பு, பில், டெலிவரி எல்லாம் சேர்த்து ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். முந்தின நாள் இரவே மறுநாளுக்கு நேரம் பிரித்து வைக்கிறேன், 9 முதல் 10:30 வரை கொட்டேஷன், அப்புறம் பாக்கி வசூல், மதியத்துக்கு மேல் புது வாடிக்கையாளர்கள் என்று காலண்டரில் கட்டம் கட்டமாக. காலை பத்து மணிக்குள் எல்லாம் கலைந்துவிடுகிறது. காகிதம் வந்து சேரவில்லை என்பார்கள், யாராவது சொல்லாமல் நேரில் வந்து நிற்பார்கள், மெஷினில் இருப்பவர் எந்த வேலையை முதலில் ஏற்றுவது என்று கேட்பார். மாலை வரை ஒரு நிமிடம் உட்காராமல் ஓடுகிறேன், கட்டத்தில் எழுதியதில் பாதிகூட முடிவதில்லை. தங்கிப்போவதும் எப்போதும் அதே வேலைகள்தான்: பழைய பாக்கியைக் கேட்பது, விலைப்பட்டியலைத் திருத்துவது, அலுவலகத்தில் இருக்கும் இளையவர் ஒருவருக்குக் கொட்டேஷன் போடக் கற்றுக்கொடுப்பது.

இந்த நேர ஒதுக்கீட்டு முறையெல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே வேலை பார்ப்பவர்களுக்காக உருவானதா, முதலாளிக்கும் பொருந்துமா? பொருந்தும் என்றால் எங்கிருந்து தொடங்குவது? செயலிகளின் பெயர்கள் வேண்டாம், உங்கள் நாள் உண்மையில் எப்படி ஓடுகிறது என்று சொன்னால் போதும்.

கணக்கு_அக்கா

பொருந்தும் தம்பி, ஆனால் காலண்டரிலிருந்து தொடங்க வேண்டாம். பல சிறு நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்க்கிறேன், நேரம் போதவில்லை என்று சொல்லும் உரிமையாளரிடம் நான் முதலில் கேட்பது ஒரு வாரத்து நேரக் குறிப்பைத்தான். சட்டைப்பையில் வைக்கும் நோட்டு போதும். வேலை மாறும் ஒவ்வொரு முறையும் மணி என்ன, யார் கேட்டார்கள், எதற்காக என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு குறி: இதை உங்களைத் தவிர வேறு யாராவது முடித்திருக்க முடியுமா? அந்தக் குறிதான் எனக்கு முக்கியம்.

மாலையில் ஞாபகத்திலிருந்து எழுதினால் பயனில்லை. நமக்குப் பிடித்த வேலைக்கு நிறைய நேரம் கொடுத்ததாகவும் நடுவில் வந்த தொந்தரவு கொஞ்சம்தான் என்றும் மனது மாற்றிச் சொல்லும். மேலாண்மை எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் 1967-லேயே வற்புறுத்தியது இதைத்தான், திட்டத்துக்கு முன்னால் பதிவு. ஹார்வர்டில் மைக்கேல் போர்ட்டரும் நிதின் நோரியாவும் 27 பெரிய நிறுவனத் தலைவர்களின் நேரத்தை 13 வாரங்களுக்கு, 15 நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்து 2018-ல் வெளியிட்டார்கள். சராசரியாக வாரத்துக்கு 62.5 மணி நேர வேலை, அதில் 72 சதவீதம் கூட்டங்களில் போயிருந்தது. அவர்களுக்கு அந்தக் குறிப்பை எழுதிக்கொடுக்க உதவியாளர்கள் இருந்தார்கள். நமக்கு யாரும் இல்லை, அதனால் ஒரு வாரம் மட்டும் நாமே எழுதிக்கொள்ளலாம்.

தனியாள்

அக்கா, மன்னிக்கவும், மூச்சுவிட நேரம் இல்லாதவரிடம் நோட்டில் எழுதச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவருமா? அவர் சொல்வதைப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் பத்துப் பதினைந்து முறை வேலை மாறும்போல இருக்கிறது.

பட்டறை

மாறத்தான் செய்யும். மேலாண்மை ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்து தலைமை நிர்வாகிகளைக் கூடவே இருந்து கவனித்து 1973-ல் எழுதினார். அவர்கள் செய்த காரியங்களில் பாதி ஒன்பது நிமிடம்கூட நீடிக்கவில்லை, ஒரு மணி நேரத்தைத் தாண்டியவை 10 சதவீதம்தான். இத்தனைக்கும் அவர்கள் பெரிய இடங்களில் இருந்தவர்கள், கதவுக்கு வெளியே செயலாளர் இருந்திருப்பார். துண்டு துண்டாக இருப்பது இந்தப் பொறுப்பின் இயல்பு. அதனாலேயே எழுதிப் பார்க்க வேண்டும், எந்தத் துண்டு தேவையானது, எது தேவையில்லாமல் நம்மிடம் வருகிறது என்பது வேறு எப்படியும் தெரியாது.

ஒரு வரி எழுதப் பத்து விநாடி. செய்யுங்கள் அச்சகம் தம்பி, செய்துவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள்.

அச்சகம்

ஒரு வாரம் எழுதிவிட்டு வந்திருக்கிறேன். அக்காவுக்கு நன்றி, நான் எதிர்பார்த்தது வேறு, நோட்டில் இருந்தது வேறு. தொலைபேசியும் திடீர் வாடிக்கையாளர்களும்தான் நேரத்தைத் தின்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். நோட்டைப் புரட்டினால் என்னிடம் வந்தவற்றில் பெரும்பகுதி என் சொந்த ஆட்களின் கேள்விகள், அதுவும் நான்கைந்து கேள்விகளே திரும்பத் திரும்ப. எந்த வேலையை முதலில் ஏற்றுவது. இந்த ஆளுக்குத் தள்ளுபடி கொடுக்கலாமா. கேட்ட காகிதம் இல்லை, வேறு போடலாமா. பாக்கி வைத்திருப்பவர் புது ஆர்டர் கொண்டுவந்திருக்கிறார், வாங்கலாமா. டெலிவரி தேதி என்ன சொல்வது.

ஒவ்வொன்றும் இரண்டு நிமிடக் கேள்விதான். ஆனால் இவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து விலைப்பட்டியலைத் திருத்த முடியாது.

பட்டறை

இப்போது விஷயத்துக்கு வந்துவிட்டோம். உங்கள் காலண்டரில் குறை எதுவும் இல்லை. கடையில் எடுக்க வேண்டிய எல்லா முடிவும் ஒரே ஆள் வழியாகப் போகிறது, அந்த ஆள் நீங்கள். இதை மாற்றாமல் கட்டம் கட்டினால், எத்தனை நல்ல கட்டமாக இருந்தாலும் வாசலில் காத்திருப்பவர் அதை உடைத்துத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவர் வேலை நின்றுபோகும். அவர் மீது கோபப்படுவதிலும் அர்த்தமில்லை, உங்களைக் கேட்காமல் செய்தால் திட்டு விழும் என்பதால்தான் கேட்கிறார்.

நேர மேலாண்மை என்று யார் என்னிடம் கேட்டாலும் நான் சொல்வது, முதலில் கேள்விகளுக்கு வழி செய்யுங்கள், நேரம் பிறகு தானாகக் கிடைக்கும் என்றுதான். அந்த ஐந்து கேள்வியையும் எடுத்து ஒவ்வொன்றுக்கும் விதி எழுதுங்கள். பெரிய ஆவணமெல்லாம் வேண்டாம், சுவரில் ஒட்டும் ஒரு தாள். வேலை வரிசை என்றால் டெலிவரி தேதி நெருங்கியது முதலில், ஒரே தேதி என்றால் ஒரே காகிதத்தில் ஓடுபவை சேர்ந்து. தள்ளுபடி என்றால் இந்தச் சதவீதம் வரை பில் போடுபவரே கொடுக்கலாம், அதற்கு மேல் என்றால்தான் என்னிடம். மாற்றுக் காகிதம் என்றால் இந்த வகைக்கு இந்த வகை, வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. பாக்கிக்கு ஒரு வரம்பும் ஒரு கெடுவும். இவற்றை நீங்கள் ஏற்கெனவே மனதில் வைத்துத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், அதைத் தாளுக்கு மாற்ற வேண்டியதுதான் பாக்கி.

தாள் ஒட்டினால் மட்டும் போதாது. அவர்கள் எடுத்த முடிவை வாடிக்கையாளர் முன்னால் மாற்றாதீர்கள். ஒருமுறை அப்படிச் செய்துவிட்டால் மறுநாளிலிருந்து எல்லோரும் மறுபடி உங்கள் மேசைக்கு வந்துவிடுவார்கள். நீங்களாக இருந்தால் வேறு மாதிரி முடிவு எடுத்திருப்பீர்கள் என்றாலும் அன்றைக்கு விட்டுவிடுங்கள், வாரக் கடைசியில் உட்கார்ந்து அந்த வாரத்து முடிவுகளைப் பார்த்து விதியைத் திருத்துங்கள். எங்கள் பட்டறையில் இந்த வாரக் கூட்டம்தான் எனக்கு மிகப்பெரிய நேர சேமிப்பு. பார்த்தால் கூட்டம் என்பது நேரத்தை எடுப்பது மாதிரி இருக்கும்.

விதிக்குள் வராத கேள்விகளுக்கு நாளில் இரண்டு நேரம். காலையில் வேலை தொடங்கும்போது ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று. மற்ற நேரத்தில் நோட்டில் எழுதிவைத்துவிட்டு அவர் வேறு வேலை பார்க்கலாம். உடனே கூப்பிட வேண்டியவை எவை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: யாருக்காவது அடிபட்டால், மெஷின் நின்றால், வாடிக்கையாளர் ஆர்டரைத் திரும்பக் கேட்டால். இந்த மூன்றுக்கும் எந்தக் கட்டத்தையும் உடைக்கலாம்.

தனியாள்

பட்டறை அண்ணா சொன்னது ஆள் வைத்திருப்பவர்களுக்கு. நான் ஒருத்தியே வடிவமைப்பு, ஒருத்தியே வசூல், ஒருத்தியே தொலைபேசி. என் பிரச்சினை வேறு. ஓவிய வேலையில் மனது இறங்க எனக்கு நேரம் பிடிக்கும், நடுவில் 11 மணிக்கு ஒரு அரை மணி நேரப் பேச்சு இருந்தால் காலை முழுவதும் போன மாதிரிதான். மென்பொருள் தொழில்முனைவர் பால் கிரஹாம் 2009-ல் இதைப் பற்றி எழுதியது எனக்கு ரொம்ப உதவியது. மேலாளரின் நாள் ஒரு மணி நேரத் துண்டுகளால் ஆனது, எதையாவது உருவாக்குபவரின் நாள் அரைநாள் துண்டுகளால் ஆனது, இரண்டும் மோதினால் சேதம் உருவாக்குபவருக்கு என்பது அவர் வாதம். தனியாகத் தொழில் செய்பவர் இந்த இரண்டு ஆளாகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

நான் செய்திருப்பது, மதியம் வரை வாடிக்கையாளர் பேச்சே கிடையாது, எல்லா அழைப்பும் சந்திப்பும் மதியத்துக்கு மேல். வாரத்தில் ஒரு நாள் முழுக்க பணம், பில், வரி, கடிதம். பில்லை அன்றன்றைக்குப் போடாமல் சேர்த்துப் போடுவதால் பணம் சில நாள் தாமதமாக வருகிறது என்பது உண்மை, அதைத் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

புதியவர்

ஒரு தொந்தரவுக்கு 23 நிமிடம் வீணாகிறது என்று ஆராய்ச்சியே இருக்கிறது. ஒரு நாளைக்கு இருபது தொந்தரவு என்று பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் போய்விட்டது. அதனால் போனை அணைத்துவிடுவதுதான் ஒரே வழி.

வரிசை

நண்பரே, அந்தக் கணக்கை அப்படிப் பெருக்க முடியாது. கலிஃபோர்னியாவில் குளோரியா மார்க் குழுவினர் அலுவலகங்களில் நேரில் உட்கார்ந்து கவனித்தார்கள். இடையில் நின்ற வேலைக்கு ஆட்கள் திரும்ப வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது, ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் சும்மா இருக்கவில்லை, வேறு ஓரிரண்டு வேலைகளைச் செய்துவிட்டுத்தான் திரும்பினார்கள். வீணானது என்று அதைச் சொல்ல முடியாது. அதே குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வக முடிவு இன்னும் கவனிக்க வேண்டியது. குறுக்கீடு இருந்தவர்கள் வேலையை வேகமாகவே முடித்தார்கள், ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் கூடியிருந்தன.

அச்சகம் சொன்னதும் அதுதானே? வேலை ஓடுகிறது, ஆள் களைத்துப்போகிறார். நாள் முழுக்க வேகமாகச் செய்துவிட்டு மாலையில் எதையும் யோசிக்கத் தெம்பில்லாமல் போவது முதலாளிக்குப் பெரிய நஷ்டம், ஏனென்றால் யோசிக்க வேண்டிய வேலை அவருடையது.

எழுந்து போவதற்கு முன் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை இருக்கிறது. ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் மனதின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-ல் காட்டினார். பிறகு 2018-ல் தெரசா கிளோம்புடன் சேர்ந்து அதற்கு ஒரு மருந்தும் சோதித்தார்: எங்கே நிறுத்தினேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வேன் என்று ஒரு நிமிடம் எழுதிவிட்டுப் போவது. அப்படி எழுதியவர்களுக்கு அடுத்த வேலையில் கவனம் நன்றாக இருந்தது. கொட்டேஷன் போடும்போது யாராவது கூப்பிட்டால், "காகித விலை பார்த்தாயிற்று, பைண்டிங் கூலி சேர்க்க வேண்டும்" என்று ஓரத்தில் கிறுக்கிவிட்டு எழுந்திருங்கள்.

கடைக்காரர்

எல்லாம் சரி, என் நிலைமையைக் கேளுங்கள். சில்லறைக் கடை. வாசல் திறந்திருக்கும்போது யார் எப்போது வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. வந்தவரிடம் கேள்வி நேரம் மதியம் மூன்று மணிக்கு என்று சொல்ல முடியுமா?

கணக்கு_அக்கா

முடியாதுதான். ஆனால் யார் எப்போது வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும் அண்ணா, உங்கள் பில்களில் இருக்கிறது. ஒவ்வொரு பில்லிலும் மணி அச்சாகியிருக்கும். சில வாரத்துப் பில்களை மணிவாரியாகப் பிரித்துப் பாருங்கள், எந்தக் கடையிலும் காற்றாடும் நேரம் என்று ஒன்று தெரியும். அந்த நேரத்தில் தடைபட்டாலும் கெட்டுப்போகாத வேலைகளை வையுங்கள், அதாவது ஸ்டாக் எண்ணுவது, சப்ளையருக்குச் செய்தி அனுப்புவது, விலைச்சீட்டு மாற்றுவது. தடைபடவே கூடாத வேலைகள், எந்தச் சரக்கை விடுவது, வாடகை ஒப்பந்தம், கடன் கணக்கு, இவை கடைக்குள் நடக்காது. திறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம், அல்லது வாரத்தில் ஒரு அரைநாள் வேறு ஒருவர் கல்லாவில் உட்கார நீங்கள் வேறு இடத்தில். கடையிலேயே பின்னறையில் இருந்தால் கூப்பிட்டுவிடுவார்கள்.

வரிசை

நான் தொழிற்சாலை உற்பத்தித் திட்டம் பார்ப்பவன், எனக்கு முக்கியமாகப் படும் ஒன்றை இங்கே யாரும் சொல்லவில்லை. கட்டங்களை விளிம்புவரை நிரப்பாதீர்கள். இது பொதுவான அறிவுரை மாதிரித் தோன்றும், ஆனால் இதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது.

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்பவர் 1909-ல், அழைப்புகள் தாறுமாறாக வரும்போது என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் கட்டுரை வெளியிட்டார், வரிசைக் கோட்பாடு அங்கிருந்துதான் வளர்ந்தது. அதன் மிக எளிய வடிவத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே ஆள், அவரிடம் வரும் காரியங்கள் முன்னறிவிப்பில்லாமல் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் சராசரி 10 நிமிடம், ஆனால் கூடக்குறைய ஆகும். அவர் நேரத்தில் பாதிதான் நிரம்பியிருக்கிறது என்றால் ஒரு காரியம் சராசரியாக 10 நிமிடம் காத்திருக்கும். 80 சதவீதம் நிரம்பினால் 40 நிமிடம். 90 சதவீதம் என்றால் 90 நிமிடம். 95 சதவீதம் என்றால் 190 நிமிடம், மூன்று மணி நேரத்துக்கு மேல். 90-க்கும் 95-க்கும் இடையில் கூடுதலாகச் செய்துமுடித்த வேலை மிகக் கொஞ்சம், காத்திருப்பு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது.

நிஜத் தொழில் இந்தச் சூத்திரத்துக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் வளைவு இப்படித்தான் ஏறும். முதலாளியிடம் வரும் காரியம் காத்திருக்கிறது என்றால் அதன் பின்னால் மெஷினும் ஆளும் பணமும் காத்திருக்கின்றன. எனவே நாளில் மூன்றில் ஒரு பங்காவது எதுவும் எழுதாமல் விடுங்கள். அந்த வெற்று நேரத்தைச் சோம்பல் என்று நினைத்து நிரப்பிவிடத் தோன்றும். நிரப்பினால் முதல் தாமதத்திலேயே எல்லாக் கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று சரியும், அச்சகத்துக்குப் பத்து மணிக்கு நடப்பது அதுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று நாம் போடும் மதிப்பீடே குறைவாகத்தான் இருக்கும். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-ல் இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயர் வைத்தார்கள். 1994-ல் வெளியான ஒரு ஆய்வில் மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள், சராசரி பதில் 33.9 நாள், உண்மையில் ஆனது 55.5 நாள். அவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. இனி வரப்போகும் வேலையை மனதில் ஓட்டிப் பார்க்கும்போது தடங்கல்கள் கண்ணில் படுவதில்லை. பழைய வேலைகளின் பதிவேட்டைப் பாருங்கள், இதே மாதிரி வேலைக்குப் போன முறைகளில் எவ்வளவு ஆனதோ அதை எழுதுங்கள். டெலிவரி தேதி சொல்லும் விதியையும் அதிலிருந்தே எடுக்கலாம்.

அச்சகம்

வரிசை அண்ணா, இந்தக் கணக்கை நோட்டில் குறித்துக்கொண்டேன். பழைய ஜாப் கார்டுகள் எல்லாம் கட்டுக்கட்டாக இருக்கின்றன, ஏற்றிய நேரமும் இறக்கிய நேரமும் அவற்றில் உண்டு. இதுவரை பில்லுக்காக மட்டுமே அவற்றைப் பார்த்திருக்கிறோம்.

தையல்கூடம்

ஒன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நேர ஒதுக்கீடு பற்றிப் பேசும்போது எல்லோரும் அதிகாலை நேரத்தையும் கடை மூடிய பிறகு கிடைக்கும் நேரத்தையும் கூடுதல் இருப்பு மாதிரிப் பேசுகிறோம். திறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் என்று அக்கா சொன்னது பலருக்கு வழி, எனக்கு அந்த மணி வீட்டினுடையது. குழந்தைகளையோ வயதானவர்களையோ கவனிப்பவர் தொழில் நடத்தினால் நாளின் இரண்டு முனையும் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டவை. அந்த வேலையை வேறொருவர் செய்துகொண்டிருப்பதால்தான் சிலருக்கு அதிகாலை காலியாக இருக்கிறது, இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

என் வழி, முடிக்கும் மணியை முதலில் எழுதுவது. அது அசையாது. பார்க்கின்சன் 1955-ல் பத்திரிகையில் எழுதியதுபோல வேலை அதற்கு இருக்கும் நேரத்தை நிரப்ப விரியும் என்றால், எல்லை இருந்தால்தான் சுருங்கவும் செய்யும். முடிக்கும் மணியிலிருந்து பின்னோக்கி வருகிறேன். கடைசி அரை மணி நேரம் மறுநாளுக்கான ஒப்படைப்பு, யாருக்கு எந்தத் துணி, எது நறுக்கியாயிற்று, எது காத்திருக்கிறது. அதற்கு முன்னால் தரம் பார்ப்பது. அப்புறம்தான் மற்றவை. எதற்கு இடம் இல்லையோ அதை அன்றே இல்லை என்று சொல்லிவிடுகிறேன். எல்லையில்லாத நாளில் எந்த ஆர்டரையும் மறுக்கக் காரணம் கிடைக்காது, அந்த ஆர்டர்கள்தான் பிறகு இரவைத் தின்னும்.

பட்டறை

தையல்கூடம் சொன்னதை அப்படியே ஏற்கிறேன் அம்மா. நான் சொன்ன காலைக் கேள்வி நேரத்தையும் வேலை நேரத்துக்குள்தான் வைக்க வேண்டும், அதற்கு முன்னால் அல்ல.

புதியவர்

வாட்ஸ்அப்புக்கு என்ன செய்கிறீர்கள்? வாடிக்கையாளர்கள் இரவு பதினொரு மணிக்குக் குரல் செய்தி அனுப்புகிறார்கள், பார்த்துவிட்டுப் பதில் போடாவிட்டால் கோபம்.

தனியாள்

தொழிலுக்கான வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கில், வேலை நேரம் முடிந்த பிறகு தானாகப் போகும் பதிலை அமைக்கலாம். "செய்தி கிடைத்தது, நாளை மதியத்துக்குள் பதில் வரும்" என்று நேரத்தோடு சொல்லுங்கள். விரைவில் தொடர்புகொள்வோம் என்று மட்டும் சொன்னால் மறுபடி கேட்பார்கள், நேரம் சொன்னால் பெரும்பாலானவர்கள் காத்திருக்கிறார்கள். சொன்ன நேரத்தைக் காப்பாற்ற வேண்டும், அது மட்டும் முக்கியம். குரல் செய்தியாக வரும் ஆர்டரை நான் ஏற்பதே இல்லை, அளவும் எண்ணிக்கையும் எழுத்தில் வந்தால்தான் வேலை தொடங்கும் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். கேட்டு எழுதும் நேரம் மிச்சம், தகராறும் இல்லை.

சொந்த எண்ணையும் தொழில் எண்ணையும் பிரிப்பதை இன்றே செய்யுங்கள்.

கடைக்காரர்

அவசரம், முக்கியம் என்று நான்கு கட்டம் போட்டுப் பிரிக்கும் முறை ஒன்று உண்டே, அதை யாராவது உண்மையில் பயன்படுத்துகிறீர்களா?

கணக்கு_அக்கா

அமெரிக்க அதிபராக இருந்த ஐசன்ஹோவர் பெயரில் சொல்வது. அவர் 1954-ல் ஒரு உரையில், முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவர் சொன்னதாக, அவசரமானவை முக்கியமானவை அல்ல, முக்கியமானவை ஒருபோதும் அவசரமாக இருப்பதில்லை என்று குறிப்பிட்டார். நான்கு கட்டமெல்லாம் பின்னால் வந்தவர்கள் போட்டது. பிரித்துப் பார்க்க உதவும், செய்யவைக்க உதவாது என்பது என் அனுபவம். முக்கியம் ஆனால் அவசரமில்லை என்ற கட்டத்தில் இருக்கும் வேலையை யாரும் வந்து கேட்பதில்லை, அதனால்தான் அது அங்கேயே கிடக்கிறது. பாக்கி வசூலை எடுத்துக்கொள்ளுங்கள், பணம் தர வேண்டியவர் வந்து ஏன் இன்னும் கேட்கவில்லை என்று கேட்கப்போகிறாரா?

அதனால் அப்படிப்பட்ட ஒவ்வொரு வேலைக்கும் கேட்கும் ஆள் ஒருவரை ஏற்படுத்துங்கள். என்னிடம் கணக்குத் தருபவர்களில் சிலர் வாரம் ஒரு குறிப்பிட்ட நாளில் பாக்கிப் பட்டியலை எனக்கு அனுப்ப வேண்டும், யாருக்கு எப்போது பேசினார்கள் என்று பக்கத்தில் எழுதி. வராவிட்டால் நான் கூப்பிடுவேன். அவ்வளவுதான், வேறு எந்த நுட்பமும் இல்லை, ஆனால் அவர்களுக்கு வசூல் நடக்கிறது. விலைப்பட்டியல் என்றால் புது விலை அமலுக்கு வரும் தேதியை முதலில் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்துவிடுங்கள், தேதி வந்துவிடும் என்பதால் முடித்துத்தான் ஆக வேண்டும்.

அச்சகம்

எல்லோருக்கும் நன்றி. இப்போது அமைத்திருப்பதைச் சொல்கிறேன், ஓட்டை இருந்தால் காட்டுங்கள். ஐந்து விதிகள் சுவரில் இருக்கின்றன. தள்ளுபடி விதியைப் பில் போடுபவரிடமே கேட்டு எழுதினோம், நான் நினைத்ததைவிடக் கறாராகத்தான் வரம்பு சொன்னார். காலை வேலை தொடங்கியதும் கேள்வி நேரம், மதியத்துக்கு மேல் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம் மாடியில், போன் கீழே சூப்பர்வைசரிடம். வாரத்தில் எல்லா நாளும் இது முடியாது, அதிக டெலிவரி இருக்கும் இரண்டு நாளை விட்டுவிட்டேன். மாலை முழுக்க காலண்டரில் வெறுமையாகத்தான் இருக்கிறது. பாக்கிப் பட்டியல் வாரா வாரம் எங்கள் ஆடிட்டருக்குப் போகும், அவரும் சம்மதித்துவிட்டார்.

இரண்டு சந்தேகம். மெஷின் பழுதாகி நாள் முழுக்கப் போய்விட்டால் அன்றைய ஒன்றரை மணி நேரத்தை என்ன செய்வது? கொட்டேஷன் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை, அதை எங்கே வைப்பது?

பட்டறை

பழுதான நாளில் அந்தக் கட்டத்தை அழிக்காதீர்கள், நகர்த்துங்கள். அதற்கு வாரத்தில் ஒரு உதிரிக் கட்டம் முன்கூட்டியே வேண்டும், வாரத்தின் பிற்பகுதியில், உங்களுக்கு டெலிவரி குறைந்த நாளில். பழுது இல்லாத வாரத்தில் அந்தக் கட்டத்தை வேறு எதற்கும் கொடுக்காமல் அடுத்த வாரத்து வேலையை முன்னால் இழுத்துச் செய்யலாம். ஒரே வாரத்தில் இரண்டு கட்டம் போய்விட்டால் ஒன்றை மட்டும் காப்பாற்றுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள், எல்லாவற்றையும் ஈடுகட்டப் பார்த்தால் அடுத்த வாரமும் கெடும். அப்புறம், பழுது அடிக்கடி வருகிறது என்றால் அது நேரப் பிரச்சினை இல்லை, மெஷினுக்குப் பராமரிப்பு நாள் குறிக்க வேண்டும்.

தையல்கூடம்

கற்றுக்கொடுப்பதற்குத் தனி இடம் தேட வேண்டாம். நீங்கள் மாடியில் கொட்டேஷன் போடும் நாட்களில் ஒரு நாள் அந்த இளையவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதலில் அவர் பார்க்கட்டும், அப்புறம் அவர் போட்டு நீங்கள் பார்க்க வேண்டும், பிறகு சிறிய வேலைகளுக்கு அவரே போட்டு அனுப்பிவிட்டு நகலை உங்களுக்கு வைக்கட்டும். ஆரம்பத்தில் உங்களுக்கு நேரம் கூடத்தான் ஆகும், அந்தச் சில வாரங்களில் பொறுமை போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தத் தொகை வரை அவரே அனுப்பலாம் என்பதையும் சுவரில் இருக்கும் தாளில் ஆறாவது விதியாகச் சேர்த்துவிடுங்கள்.

அச்சகம்

சேர்க்கிறேன் அக்கா. உதிரிக் கட்டத்துக்கு வியாழன் மதியத்தை எடுத்துக்கொள்கிறேன், அன்றைக்குத்தான் டெலிவரி குறைவு. ஜாப் கார்டுகளைப் பிரித்துப் பார்த்து டெலிவரி தேதி விதியைத் திருத்தியதும் அந்தக் கணக்கை இங்கே போடுகிறேன், வரிசை அண்ணா ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

வரிசை

போடுங்கள் தம்பி. சராசரியை மட்டும் எடுக்காதீர்கள், அதிக நேரம் பிடித்த வேலைகளைத் தனியாகப் பிரித்து ஏன் பிடித்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். காகிதத்துக்காகக் காத்திருந்ததா, வாடிக்கையாளர் புரூஃபை, அதாவது சரிபார்க்கக் கொடுத்த மாதிரித் தாளை, திருப்பித் தராமல் வைத்திருந்ததா, மெஷினா என்று தெரிந்தால், டெலிவரி தேதியை எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதே மாறலாம். பல அச்சகங்களில் புரூஃப் ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள்.